கட்டில் சின்னத்தில் விழுந்த நாற்பத்தாறு ஓட்டு

எங்கள் பங்காளி வீடுகளில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் குலசாமியின் பெயரைத்தான் வைக்க வேண்டும். வேறு பெயரைப் பற்றிய பேச்சே எழாது. அதனால் எங்கள் தெருவில் ஒரே பெயரில் ஐந்து ஆண்கள் இருந்தோம். யாராவது வெளியூர்க்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்குள் அவருக்கும் சலித்துப்போகும், வழி சொல்கிறவருக்கும் சலித்துப்போகும்.

என் பெரியப்பா மகனுக்கும் அதே பெயர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊருக்கு அவர் பெரியவர், நான் சின்னவன். எனக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. இன்னும் சின்னவன்தான். அவர் நல்ல உயரம், கணீரென்ற குரல். திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கம்பம் பக்கமும் காமயகவுண்டன்பட்டிப் பக்கமும் போய் வருவார். நானும் அவர் செட்டில் ஒருவன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள்.

அந்த வருடம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் பெரியவர் நின்றார். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. அதற்காகவே நின்றார். அவருக்கு எதிராக நின்றவர் வசதியானவர். அவருடைய ஆட்கள் மூன்று பேர் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஒருவர் நின்றுகொண்டார்.

"நீங்க ஒன்னும் பண்ண வேணாம். ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டு வாசலும் ஏற வேணாம். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் ஒருவர்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

நின்றுகொண்டிருந்தவர் சிரித்தார். "பேரு ஒன்னாருக்குல்ல. அதுக்குத்தான்" என்றார்.

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லித்தான் கேட்டார்கள். ஆகவே எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. மாட்டேன் என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பாதிதான் உண்மை. அதற்கு முந்தின மாசிப் பச்சைத் திருவிழாவில் குலசாமி கோயிலில் பரிவட்டம் கட்ட எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர், "ஏலே, பெரியவுகளத்தான் கூப்பிட்டாக. நீ உக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து, பிறகு உட்காருவதே என் வாழ்க்கையாக இருந்திருக்கிறது. பேனாவை வாங்கியபோது அந்தச் சிரிப்பு ஞாபகத்தில் இருந்தது.

வேட்புமனுக்களைப் பரிசீலித்த அன்று பெரியவருக்கு விஷயம் தெரிந்தது. நேராக என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வருவார் என்று பயந்திருந்தேன்.

"ஏன்டா தம்பி, உன்னய ஏமாத்தி எழுதி வாங்கிட்டாகளா?" என்றார்.

என் வேலையை அவரே முடித்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன்.

"போகட்டும். வெள்ளிக்கிழம வரைக்கும் வாபஸ் வாங்கலாம். போயி எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

வெள்ளிக்கிழமை டவுன் பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் வரை போனேன். வாசலில் வேப்பமரத்துக்கு அடியில் அந்த மூன்று பேரில் ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார், அவ்வளவுதான். மிரட்டவில்லை, மறிக்கவில்லை. நான் எதிரிலிருந்த கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பெரியவர் கேட்டபோது, "நேரம் முடிஞ்சிருச்சுன்னு அங்கன திருப்பி அனுப்பிட்டாக அண்ணே" என்றேன். அதையும் நம்பினார்.

அவருக்குப் பூட்டு சாவி, எனக்குக் கட்டில். ரோஸ் நிற ஓட்டுச் சீட்டில் என் பெயர் அவர் பெயருக்கு மேலே இருந்தது. படம் கிடையாது, பெயரும் சின்னமும் மட்டும்தான். தகப்பன் பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். தேர்தல் அன்று நான் பூட்டு சாவியில்தான் முத்திரை குத்தினேன். என் வீட்டுக்காரியும் அதில்தான் குத்தினாள்.

பெரியவர் பதினொரு ஓட்டில் தோற்றார். கட்டிலுக்கு நாற்பத்தாறு ஓட்டு விழுந்திருந்தது.

எனக்காக நானே ஓட்டுப் போடவில்லை. ஆகவே அந்த நாற்பத்தாறும் அவருக்குப் போக வேண்டியவை. அதில் ஒரு கொடுமை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பூட்டைத் தேடிச் சரியாகக் குத்திவிட்டார்கள். பெயரை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் குத்திவிட்டு வந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், "கண்ணாடி போட்டுப் பாத்து உங்க பேருலதான் குத்துனேன். மொத பேரே உங்க பேருதான" என்று பெரியவரிடம் பெருமையாகச் சொன்னாராம்.

தேர்தல் முடிந்து சில வாரங்களில் கவாத்து தொடங்கியது. பந்தலுக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே படர்ந்திருக்கும் கொடியை அண்ணாந்து பார்த்துக் கத்தரிக்க வேண்டும். கையும் கழுத்தும் கடுக்கும். கண்ணில் தூசி விழும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. பேச்சு மட்டும் வரிசைக்கு வரிசை போய்க்கொண்டிருக்கும். எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் சமயம், நாட்டில் ஓட்டுப் போடுகிற முறையையே மாற்ற வேண்டும் என்று யாரோ பேப்பரில் எழுதியிருந்தார். எங்கள் செட்டில் ஒருவர் முன்பு கட்டப்பனைப் பக்கம் ஜீப் ஓட்டியவர். தினம் பேப்பர் வாசிப்பார். அவர்தான் ஆரம்பித்தார்.

"நூறு பேருல முப்பத்தஞ்சு பேரு போட்டா அவன் தலைவராம். மிச்சம் அறுவத்தஞ்சு பேரும் வேணாம்னு சொன்ன ஆளுய்யா அவன். பாதிக்கு மேல வாங்கலைன்னா மொத ரெண்டு பேர மட்டும் வச்சு மறுபடி ஓட்டு நடத்தணும். வெளிநாட்டுல அப்படித்தான் இருக்காம்."

கீழே வெட்டிய கொடிகளைப் பொறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தது என் மதினி, பெரியவரின் மனைவி. "ஒரு தடவ வரிசையில நின்னதுக்கே முட்டி வீங்கிப்போச்சு. ரெண்டாந்தடவை நிக்க உங்க ஜீப்புல கூட்டிட்டுப் போவீகளா?" என்றது.

"அது இல்லைன்னா எந்தக் கட்சிக்கு எத்தன சதவீதமோ அத்தன சீட்டுன்னு பிரிச்சுக் குடுக்கலாம்."

"நம்ம பஞ்சாயத்துல இருக்கது ஒரு நாக்காலி" என்றார் பெரியவர். "அத எப்படிய்யா அறுத்துக் குடுப்ப? எனக்குக் கையி, அவருக்குக் காலா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோற்ற பிறகு அவர் வேடிக்கையாகப் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு ரெண்டு தடவையும் வேணாம், சதவீதமும் வேணாம்" என்று அவரே தொடர்ந்தார். "ஓட்டுச் சீட்டுல ஆளு படத்தப் போடச் சொல்லு. மெசின்ல ஓட்டுப் போடுற எலெக்சன்ல போடுறாகல்ல? எம்.எல்.ஏவுக்குப் படம் உண்டு, பஞ்சாயத்துக்குக் கெடையாதா? நம்ம மூஞ்சி என்ன, பாக்குற மாதிரி இல்லையா?"

"சிலருக்கு மூஞ்சி இருந்தாலும் காட்ட முடியாது" என்றது மதினி. பிறகு யாரையும் பார்க்காமல், "கட்டில்ல படுத்தவுகளும் எந்திரிக்கல, பூட்டத் தெறக்கவும் விடல" என்றது.

நான் மேலே பார்த்துக்கொண்டே வெட்டினேன். கண்ணில் தூசி விழுந்தது. துடைக்கவில்லை.

"ஏத்தா, அவன எதுக்கு இழுக்குற?" என்றார் பெரியவர் கடுமையாக. "அவனுக்கு என்ன தெரியும்? வாயில்லாப் பூச்சி."

மதினியின் வார்த்தையைத் தாங்கிக்கொண்டேன். அவருடைய வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

இப்படியே பத்துப் பதினைந்து நாள் பேச்சு ஓடியது. தோட்டம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. பெயரையே எடுத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் அச்சடிக்கலாம் என்பார் ஒருவர். அப்படியானால் பூட்டைத்தான் தலைவர் நாற்காலியில் வைக்க வேண்டும் என்பார் ஜீப்காரர். சிரிப்பும் சண்டையுமாக நேரம் போகும். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பெரியவருக்கு அப்படி இல்லை. ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் மடித்து வைத்திருந்த முழுத்தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். தேர்தல் ஆணையத்துக்கு மனு எழுதியிருந்தார். ஜீப்காரர்தான் எழுத்தைத் திருத்திக் கொடுத்தாராம்.

"இது என் ஒருத்தனுக்காக இல்ல. மெட்ராசுக்கு ஒன்னு, தில்லிக்கு ஒன்னு. எந்த ஊருலயும் இனிமே இப்படி நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உரக்க வாசித்தார்.

படம் போட வேண்டும் என்று இருந்தது. ஒரே பெயரில் இருவர் நின்றால் ஊரில் அழைக்கும் பெயரையும் சேர்த்து அச்சடிக்க வேண்டும் என்று இருந்தது. அதன் பிறகு என்னைப் பற்றி இரண்டு வரி. "விவரம் தெரியாத என் தம்பியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வாபஸ் வாங்கக் குறித்த நேரத்தில் போனவரை அலுவலகத்தில் இருந்த எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார்." அந்த எழுத்தர் மீது விசாரணை நடத்த வேண்டும் என்றும் இருந்தது.

"கீழ உன் கையெழுத்து வேணும்டா தம்பி. நீதான் சாட்சி" என்று பேனாவை நீட்டினார்.

ஒரு கையெழுத்து மட்டும். இரண்டாவது முறையாக அதே வார்த்தை. அந்த எழுத்தர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் குடித்த டீக்கு அந்த ஆள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போட்டிருந்தால் பெரியவர் என்றைக்கும் எனக்கு அண்ணனாக இருந்திருப்பார். பேனா கையில் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீசுல யாரும் என்னயத் திருப்பி அனுப்பலண்ணே" என்றேன்.

"என்னது?"

"நான் உள்ளயே போகல. வாசலோட வந்துட்டேன்."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பயந்துட்டியா?"

மறுபடியும் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"இல்ல. மொதல்லயே தெரியும். எதுக்குக் கேக்குறாகன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

மதினி கொடிக்கட்டின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. அத்தனை நாள் என்னைக் குத்திப் பேசியிருந்தாலும், தெரிந்தே நான் செய்திருப்பேன் என்று அதுவும் உள்ளுக்குள் நம்பியிருக்கவில்லை போலும்.

"உனக்கு நான் என்னடா செஞ்சேன்?" என்று கேட்டார் பெரியவர்.

கோயிலில் சிரித்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அது சொல்லக்கூடிய காரணமாக இல்லை. "ஒன்னும் செய்யலண்ணே" என்றேன்.

மனுவில் கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் தாளின் பக்கம் கொண்டுபோனேன். அந்த இரண்டு வரியை அடித்துவிட்டால் மற்றதற்கு என் கையெழுத்து உதவும் என்று தோன்றியது. அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

"நீ கையெழுத்துப் போட்ட எதுவும் எனக்கு வேணாம்."

கத்தரியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். கொடியைப் பார்த்தாலே எத்தனை கணு விட்டு வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் அவர். அன்று மதியம் அந்த வரிசையில் கணு பார்க்காமல் வெட்டிக்கொண்டே போனார். ஜீப்காரர் பின்னாலேயே ஓடி, "அண்ணே, அண்ணே, அது காய்ப்புக் கொடிண்ணே" என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து நான் வேறு செட்டோடு போகிறேன். மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று சில மாதம் கழித்து ஜீப்காரரிடம் கேட்டேன். மனு போகவேயில்லை என்றார்.

"ரெண்டு வரிய எடுத்துட்டா அதுல விசயமே இல்லையேப்பா. எடுக்காட்டி பொய்யி. நடந்தத எழுதுனா நீ மாட்டிக்கிருவ. மூணு தடவ எழுதி மூணு தடவையும் கிழிச்சுட்டாரு. தம்பியக் காட்டிக் குடுத்து எழுத வரலன்னாரு."

எங்கள் தெருவுக்கு இன்னும் ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது. குழாயடியில் என் வீட்டுக்காரியின் குடத்தை யாரும் தள்ளி வைப்பதில்லை. யாரும் அவளோடு பேசுவதும் இல்லை. பேப்பரில் அவ்வப்போது தேர்தல் முறையை மாற்றுவது பற்றி எழுதுகிறார்கள். வாசிக்கிறேன். நாட்டில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில்தான் ஒன்று மாறியது. பெரியவரின் மகனுக்குத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தது. இந்த மாசிப் பச்சைக்குக் கோயிலில் முடி இறக்கிப் பெயர் வைத்தார்கள். பங்காளி என்பதால் எனக்கும் தகவல் சொன்னார்கள். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பூசாரி வழக்கம்போலக் குலசாமியின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். மதினி தடுத்தது.

"அந்தப் பேரு வேணாம் பூசாரி. வேற பேரு எழுதி வச்சிருக்கோம்."

மகன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தான். பூசாரி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி சீட்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். எங்கள் வம்சத்தில் எனக்குத் தெரிந்து முதல் முறை.

பிறகு பரிவட்டம் கட்ட எங்கள் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். முன்வரிசையில் பெரியவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.