பதினைந்தாம் கோட்டுக்கு மேல்

இதனை எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்துள்ளது. வீட்டில் பியர் காய்ச்சுவதற்கென மகன் வாங்கிய முப்பது லீற்றர் எவர்சில்வர்ப் பானையை அவன் தன் நண்பருக்குக் கொடுத்துவிடப் போகிறான். அதன் உட்சுவரில் அளவுக்கோடுகள் பதினைந்தோடு நின்றுவிடுகின்றன. மேற்பாதி வெறுமையாய் இருப்பதன் காரணத்தை நண்பர் கேட்டால் மகன் வாய் திறக்கமாட்டான்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் உள்ள எங்கள் வீட்டில், சமையலறையை அடுத்த அறையில் என் மனைவி படுத்திருந்தாள். சிறுநீரகங்கள் செயலிழந்து, அவள் மாடிப்படி ஏற இயலாமற்போனபின் கட்டிலைக் கீழே இறக்கியிருந்தோம். நாளொன்றுக்கு அவள் அருந்தத்தக்க நீருக்கு மருத்துவர் வரம்பு விதித்திருந்தார். தேநீரும் சொதியும் அதற்குள் அடக்கம். எஞ்சியதைக் காலையில் ஒரு போத்தலில் நிரப்பி வைப்பது என் பொறுப்பு. அன்று பிற்பகலிலேயே போத்தல் வற்றிவிட்டது.

பானையில் கோடிட மகன் அன்றைய விடுமுறையைத் தேர்ந்திருந்தான். அளவுக் குவளையால் நான் ஒவ்வொரு லீற்றராக ஊற்ற, நீர்மட்டத்தை அவன் உள்ளே நிறுத்திய தடியொன்றில் குறித்துவந்தான். வெற்றுப் பானையில் நீர் விழும் ஓசை பெரிது. பதினைந்தாவதை ஊற்றியபோது அவள் அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னை அந்தப் பானைக்குள்ள இறக்கிவிடுங்கோ. எவ்வளவு குடிச்சனான் எண்டு கோட்டில பாக்கலாம்தானே."

மகன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். நான் கட்டிலருகே சென்றதும் அவள் குரல் தாழ்ந்தது.

"ஒரு மிடறு தாங்கோ. ஏலாமக் கிடக்கு."

நான் கொடுக்கவில்லை. முன்னொருமுறை வரம்பு மீறி, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்கு அவள் திணறியதைக் கண்டவன் நான். பஞ்சை நனைத்து உதடுகளில் ஒற்றினேன். அவள் அதைப் பற்களால் கவ்விக்கொண்டாள். விடுவிக்கச் சற்று நேரமாயிற்று. இதற்கிடையில் மகன், ஓசை எழாதவாறு குவளையால் மொண்டு மொண்டு, பின்வாசலுக்கு வெளியே பானையை வெறுமையாக்கினான்.

அந்த வாரத்திலேயே அவள் போய்விட்டாள். ஈமக்கிரியையில் மகன் தோளில் குடமேந்தி அவளை வலம்வந்தான். துளைகளினூடாக நீர் ஒழுகி மண்டபத் தரையில் பரவியது. அதை எவரும் அளக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்தபின் மகன் அத்தடியைத் தேடியெடுத்தான். மின்கலத்தின் ஒரு முனையைப் பானையிலும் மறுமுனையை உப்புக் கலந்த வினாகிரிக் காடியில் தோய்த்த பஞ்சிலும் இணைத்துக் கோடுகளைப் பொறித்தான். பஞ்சு பட்ட இடம் கறுத்தது. பதினைந்தும் முடிந்தபின், "மிச்சத்துக்கும் தண்ணி ஊத்துவமா அப்பா?" என்றான். அவன் விரல்களிடையே இருந்த பஞ்சைப் பார்த்தவாறே வேண்டாமென்றேன். அப்பானையில் அவன் எதையும் காய்ச்சவில்லை.

கோடு பொறிக்கும் முறையை நான் பிழைபட விவரித்திருப்பின் அறிந்தோர் திருத்துக. அந்த ஒரு மிடறு அவளை என்ன செய்திருக்கும் என்று மருத்துவரிடம் வினவ எனக்குத் துணிவு வரவில்லை. இதனைப் படிப்போருள் மருத்துவம் கற்றவர் இருந்தால், நான் மறுத்தது பிழையாயின், அதனையும் தயங்காது எழுதுக.