நைட் ஷிப்ட்டுத் தம்பி

மீசை முளைத்த நாளிலிருந்து உச்சிமாகாளிக்குக் கோவில்பட்டி நூல் மில்லில் நைட் ஷிப்ட்தான். அவனோடு இரட்டையாய்ப் பிறந்த அண்ணன் கண்ணபிரானோ புதூர்க் கரிசலில் ஆட்டுக்கிடையோடு இருட்டில் படுத்துக்கிடப்பவன்.

தம்பிக்குக் காய்ச்சலென்று அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் துணை வந்திருந்தான். டாக்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்டாரே ஒரு கேள்வி!

"அப்பாவுக்கு எத்தனை நாளாக் காய்ச்சல்?"

உச்சிமாகாளிக்குத் தலையில் இடி விழுந்தது.

"சார், இவன் எங்க அண்ணன். நாங்க ரெட்டைப்பிள்ளைக! எனக்கு மில்லுல நைட் ஷிப்ட்டு, இவனுக்குக் காட்டுல ஆட்டுக்கிடை, அம்புட்டுதான் வித்தியாசம்!"

டாக்டரே திடுக்கிட்டுப்போனார். "ராத்திரி இருட்டுல உடம்பு மெலடோனின்னு ஒண்ணைச் சுரக்கும். உடம்பு துருப்பிடிக்காமக் காக்கிறதுல அதுக்கும் பங்கு உண்டும்பாங்க. வெளிச்சம் பட்டா அது குறைஞ்சிரும். இந்த மூப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

வெளியே வந்ததும் கண்ணபிரான், "எனக்கு என்னமோ வாங்கியிருக்கேன்னு சொன்னியே, என்னலே அது?" என்றான்.

அண்ணன் இருட்டில் கிடக்கிறானே என்று காலையில் வாங்கிய சார்ஜர் லைட். உச்சிமாகாளி பையை இறுக்கிக் கட்டினான்.

"ஒண்ணுமில்லண்ணே. நீ எப்பவும் போலக் கெட."