பாஸ் எங்க, பிள்ளை?

படகு எஞ்சின் திருத்துற தொழிலில எஞ்சின் ஒரு நாளும் என்னைக் கஷ்டப்படுத்தினதில்லை. அதைத் தோளில தூக்கிக்கொண்டு வாற ஆக்கள்தான் கஷ்டம். எங்கட நாட்டில கைவேலை தெரிஞ்ச எவரும் 'பாஸ்' தானே. மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கராஜ் பாஸ். பேசாலையில நான் எட்டு வருசமா எஞ்சின் கழட்டிப் பூட்டுறன். தங்கச்சி எண்டினம், பிள்ளை எண்டினம், மிஸ் எண்டினம். பாஸ் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. எனக்கு அந்த ஒரு சொல்லு வேணும், அவ்வளவுதான். ஆம்பிளையளின்ர வேலையில கை வைச்ச பெண்டுகளே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தையல் மெசினடி

எங்கட கடை ஒண்டு, தொழில் ரெண்டு. ஒரு பக்கம் என்ர எஞ்சின்கள், மற்றப் பக்கம் என்ர மனுசன் அன்ரனின்ர தையல் மெசின். ஓலைத்தொடுவாயில இருந்து ஒருத்தர் எஞ்சினோட வந்தார். முழங்கை மட்டும் கிறீசோட நான் முன்னுக்கு நிக்கிறன். மனுசன் என்னைக் கடந்துபோய், கழுத்தில அளவு நாடாவோட இருந்த அன்ரனிட்ட எஞ்சின்ர வருத்தம் முழுக்கச் சொல்லி முடிச்சார். அன்ரனும் ஓம் ஓம் எண்டு கேட்டுப்போட்டு, "அண்ணை, நான் காற்சட்டை தைக்கிறனான். எஞ்சின் பாக்கிறது அவ" எண்டார்.

வந்தவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு ஆறுதலா இருந்தார்.

"பரவாயில்லை. பாஸ் வரும்வரைக்கும் நான் இருக்கிறன்."

மரியாதைக்கு ஒரு பேர்

உப்புக்குளத்தில நியாஸ் நானாட்டத்தான் நான் சாமான் எடுக்கிறது. தங்கமான மனுசன். எந்த எஞ்சினுக்கு எது பொருந்தும் எண்டு என்னட்டத்தான் கேப்பார். ஒரு நாள் கேட்டே விட்டன், "நானா, எல்லாரையும் பாஸ் எண்டுறீங்கள், என்னை மட்டும் ஏன் டீச்சர் எண்டுறீங்கள்?"

நானா தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார்.

"தங்கச்சி எண்டா மரியாதை காணாது, மேடம் எண்டா கந்தோர் ஒபிசர் மாதிரிக் கிடக்கு. பாஸ் எண்டு கூப்பிட மீசை வேணுமே, டீச்சர்!"

ஒல்லாந்தன் சொன்ன கதை

மன்னார்க் கோட்டை பாத்திட்டு வந்த ஒரு வெள்ளைக்காரரின்ர ஓட்டோ எங்கட வாசலில நிண்டுபோச்சு. ரைவர் தம்பி, "பாஸ் ஒருத்தரைப் பிடிச்சுக்கொண்டு வாறன்" எண்டு வெளிக்கிட, நான் பிளக்கைக் கழட்டித் துடைச்சுக்கொண்டிருந்தன். வெள்ளைக்காரருக்குச் சிரிப்பு. அவர் ஒல்லாந்து ஆள். பாஸ் எண்டது தங்கட சொல்லாம். தொழிலுக்குத் தலைவனை அப்பிடித்தான் சொல்லுறதாம். கோட்டை பிடிச்ச காலத்தில இங்க விட்டிட்டுப் போயிருக்கினம். அமெரிக்காவிலயும் விட்டிருக்கினம். அங்க வேலைக்காரருக்கு முதலாளியை 'மாஸ்டர்' எண்டு கூப்பிட ரோசம் விடேல்லையாம், அதால இதைப் பிடிச்சுக்கொண்டு, இங்கிலீசில கந்தோர் மேலதிகாரியளுக்கும் குடுத்திட்டினமாம். எங்கட ஊரில மட்டும் அது கைவேலைக்காரரோடயே நிண்டிட்டுது.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. ஓட்டோவும் ஸ்டார்ட் ஆச்சு. "அப்ப நீங்கள்தான் பாஸோ?" எண்டு அவர் இங்கிலீசில கேட்டார். நான் வாயைத் திறக்க முந்தி, பாஸ் ஒருத்தரும் கிடையாமல் திரும்பி வந்த ரைவர் தம்பி முந்திட்டான்.

"நோ சேர், பாஸின்ர மிசிஸ்!"

அண்டைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது, மறைக்கேல்லை. "பாஸ் எண்டு போர்ட் எழுதி மாட்டுவம்" எண்டார் அன்ரன். "எழுதி வாங்கிற பேர் எனக்கு வேண்டாம்" எண்டன்.

தண்ணி கலந்த எண்ணெய்

பொம்பிளை கை பட்ட எஞ்சின் கடலுக்கு ஆகாது எண்டு சொல்லித்திரிஞ்சவர் சந்தியாகு அண்ணை. போன மாசம் ஒரு விடிய அவர்ர போன் வருது. எஞ்சின் நடுக்கடலில நிண்டிட்டுது. மன்னாரில அவர்ர பாஸ் போன் எடுக்கேல்லை. நீரோட்டம் கடல் எல்லைப் பக்கம் இழுக்குது. அங்கால போனா அந்த நாட்டு நேவி பிடிச்சு மறியலில போட்டிடும். அவரோட அவர்ர தம்பியும். ரெண்டு பேரும் குடும்பகாரர்.

"மாதாவே" எண்டுகொண்டு, எஞ்சின் எப்பிடி நிண்டதெண்டு கேட்டன். இருமி இருமி நிண்டதெண்டார். மண்ணெண்ணெயில தண்ணிதான். "கயித்தை இழுக்கிறதை நிப்பாட்டுங்கோ. எண்ணெய் வடிக்கிற சின்னக் கிண்ணத்தைக் கழட்டி, அதில நிக்கிற தண்ணியை ஊத்துங்கோ. துடைச்சுப் பூட்டிப்போட்டு, எண்ணெய்க் குழாயில இருக்கிற ரப்பர் உருண்டையை இறுகும்வரைக்கும் அமத்துங்கோ." தம்பிக்காரன் பதகளிச்சு, கேளாமல் கயித்தை இழுக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. பிறகு சந்தியாகு அண்ணை போட்ட சத்தம் இருக்கே, அன்ரன் கத்திரிக்கோலை விட்டிட்டு எழும்பிட்டார்.

"டேய், இழுக்காதையடா! பாஸ் சொல்லுறதைச் செய்யடா!"

கொஞ்ச நேரத்தால எஞ்சின் சீராப் பாடினதைப் போனிலயே கேட்டன். கண் நிறைஞ்சிட்டுது. பின்னேரம் சந்தியாகு அண்ணை ஒரு பாரை மீனோட வந்து, வழமை போல "இந்தா பிள்ளை" எண்டார். தான் என்ன சொல்லிக் கத்தினவர் எண்டு அவருக்கே ஞாபகம் இல்லை.

ஒல்லாந்தன் விட்டிட்டுப் போன சொல் கோட்டையில இருந்து என்ர கடைக்கு வந்துசேர இத்தினை நூறு வருசமும் ஒரு கிண்ணம் தண்ணியும் எடுத்திருக்கு, வந்ததும் அரை நிமிசம்தான் நிண்டது.