ஒரு கொடுக்கு பெரிசு, ஒரு கொடுக்கு சின்னன்

மேரி ரீச்சர் பொய் எழுதியிருக்கிறார். டென்மார்க் பள்ளிக்கூடங்களில் படிப்பே இல்லையாம், பிள்ளைகள் வெட்டி ஒட்டி விளையாடிவிட்டு வருகிறார்களாம். எங்கள் ஊர்ப் படிப்புத்தான் படிப்பாம். எங்கள் பிள்ளைகளை அந்த வேலைகளிலிருந்து மறித்து, அந்த நேரத்தில் தனியாக இருத்திக் கணக்குச் செய்விக்க வேண்டுமாம். போன மாதம் இந்தச் சஞ்சிகையில் வந்ததை வாசித்துவிட்டு நாங்கள் இருக்கும் ஸ்கீவ ஊரில் தமிழர் எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் மகளை மறிப்போமா என்று யோசிக்கிறார். நான் தலையாட்டவில்லை. மன்னாரில் மேரி ரீச்சரிடம் தையல் படித்தவள் நான். இப்போது அவரும் டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் இருக்கிறார். அவர் எழுதிய இடத்திலேயே நானும் எழுதுகிறேன்.

என் மகள் ஜெனிதாவுக்கு எட்டு வயது. தை மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் அளவு நாடாவை எடுத்துத் தன் கையையும் முதுகையும் அளக்கத் தொடங்கினாள். மாசியில் இங்கே ஃபாஸ்டலவ்ன் என்று ஒரு கொண்டாட்டம். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு, தொங்கவிட்ட மரப்பீப்பாயைத் தடியால் அடித்து உடைத்து இனிப்புப் பொறுக்குவார்கள். வேஷம் கடையில் விற்கிறது. ஆனால் ஜெனிதாவின் ரீச்சர், பிள்ளைகள் இங்கர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெண், எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கடலேரியில் வாழும் ஒரு பிராணியைத் தெரிவு செய்து, அது எதைத் தின்கிறது என்று நூலகத்தில் தேடவேண்டும். அது விஞ்ஞானம். கட்டத்தாளில் சின்னதாகப் படம் கீறித் தன் உடம்பளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். அது கணக்கு. அந்தப் பிராணியாகத் தன்னை நினைத்துக் கதை எழுதவேண்டும். அது டெனிஷ். ஜெனிதா தெரிவு செய்தது ஹும்மர். எங்கள் சிங்க இறாலின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் அவள் தானாகவே பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் அடி வாங்கிப் பாடமாக்கிய அதே வாய்ப்பாடு. அதை வைத்து எதை அளப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை. பெற்ற பிள்ளையைப் பார்த்தும் பொறாமை, அந்த இங்கரைப் பார்த்து அதைவிடப் பொறாமை.

"தா, நான் தைச்சுத் தாறன்."

"நை, வேண்டாம்! அம்மா, நீங்கள் தொடக்கூடாது. தெரியாட்டி நான் இங்கரைக் கேப்பன்."

"பாரும், உமக்குப் போட்டியா ஒருத்தி வந்திட்டா," என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தைக்கத் தெரிந்த தாய் வீட்டில் இருக்க, இங்கரிடம் கேட்பாளாம்.

ஒரு சனிக்கிழமை அவள் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். நான் அந்த வேஷத்தை எடுத்துப் பார்த்தேன். தையல் கோணல்மாணல். ஒரு கொடுக்கு பெரிசு, மற்றது சின்னன். எங்கள் கடல் சிங்க இறாலுக்குக் கொடுக்கே கிடையாது. பிள்ளை அளவைப் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் பிரித்து, பெரிய கொடுக்கைச் சின்னதன் அளவுக்கு வெட்டி, மெஷினில் நேராக அடித்து வைத்தேன். மேரி ரீச்சரின் வகுப்பில் கண்காட்சி வந்தால் அப்படித்தான். எங்கள் தலையணை உறைகளை ஒதுக்கிவிட்டு, பெரியவர்கள் தைத்ததில் எங்கள் பெயர்த்துண்டைக் குத்தி வைப்பார்கள். பரிசு வாங்கிய என் உறையை நானே பரிசளிப்பு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஜெனிதா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒண்டு சிப்பியை நொறுக்கிறதுக்கு, மற்றது வெட்டிறதுக்கு. அதுதான் பெரிசும் சின்னனும். நான் கதையிலையும் எழுதிட்டன்," என்றாள். பிறகு டெனிஷில் எதையோ சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை நானே வேஷத்தைக் கொண்டுபோனேன். இங்கர் மடிப்புகளைத் திருப்பிப் பார்த்தார். "வடிவான தையல். ஜெனிதா செய்தது எங்கே?" என்று டெனிஷில் கேட்டார். "இதுதான்," என்றேன். "அவள் செய்தது," என்றார் மறுபடியும். என் டெனிஷ் விளங்கவில்லையாக்கும் என்று இன்னும் சத்தமாக, "இதுதான்!" என்றேன். ஜெனிதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கர் அவளிடம் புதுத் துணியும் கத்தரிக்கோலும் கொடுத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஃபாஸ்டலவ்ன் அன்று பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்னையதைவிடக் கோணலான ஒரு பெரிய கொடுக்கோடு ஜெனிதா முன்னால் நின்று பேசினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அம்மாவின் கடலில் இதற்குக் கொடுக்கு இல்லை என்று, நான் முன்பு சொன்னதைச் சொன்னது விளங்கியது. பிள்ளைகள் நம்பவில்லை. இங்கர் சோக்கட்டியை என்னிடம் நீட்டினார், கீறிக் காட்டட்டாம்.

எத்தனை சிங்க இறால் கழுவிக் கறிவைத்திருக்கிறேன்! கை அசையவில்லை. மேரி ரீச்சரிடம் நான் கீறியதெல்லாம் காபன் தாளை வைத்து அவர் தந்த படத்தின்மேல் இழுத்ததுதான். பார்த்துக் கீறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜெனிதா அந்தப் பெரிய கொடுக்கால் என் முழங்கையைத் தட்டினாள். "பிழைச்சாப் பரவாயில்லை அம்மா. அழிச்சிட்டுக் கீறலாம்," என்றாள், தமிழில், எனக்கு மட்டும் கேட்க.

கீறினேன். மீசை உடம்பைவிட நீண்டுபோய்ப் பலகையின் விளிம்பைத் தொட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அது உண்மையான நீளம்தான். இங்கர் அதை அழிக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத என் இறாலும், இந்தத் தண்ணீரில் எதையும் நொறுக்கக்கூடிய என் மகளின் ஹும்மரும் ஒரே கரும்பலகையில் நின்றன.

நாற்பது வயதை நெருங்குகையில், ஒரு படம் கீறுவதற்கு என் பிள்ளையிடம் துணிவு வாங்க வேண்டியிருந்தது. இதையா எங்கள் ஊர்ப் படிப்பு என்று புகழ்கிறீர்கள்? ஜெனிதாவை நான் மறிக்கமாட்டேன், என் கணவருக்கும் இதை வாசிக்கக் கொடுப்பேன். மேரி ரீச்சர், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையாவது தன் கையால் செய்ததைக் கண்காட்சி மேசையில் வைத்தீர்களா? உங்கள் பெயரைப் போட்டு, இந்தச் சஞ்சிகையிலேயே, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள்.