சைலன்சர் வந்துகீது

எங்கள் அப்பாவின் கார் கேம்ப் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியதும், சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று நடுங்கும். அதற்குப் பிறகுதான் சத்தம் காதுக்கு வந்து சேரும். தொண்டையில் சளி கட்டிய ஆள் விடாமல் செருமுவதுபோல, தெருமுனை பேக்கரியில் தொடங்கி மாவு மில்லைத் தாண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து, இரண்டு தடவை இருமிவிட்டு அது அடங்கும். தெருவில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் ‘பேஜார்’. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வாசலுக்கே வந்து, “சார், உங்க வண்டி வர்றப்ப எங்க டிவில நியூஸ் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ ஒரு நாளில் கேட்கும் அத்தனை சத்தங்களிலும் அதைவிட நல்ல சத்தம் கிடையாது.

அப்போது எனக்குப் பத்து வயது, சேலையூரில் குடியிருந்தோம். அம்மா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு மாதம் குன்றத்தூர் பெரியம்மா வந்து கூட இருந்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, எத்தனை நாள்தான் இருப்பாள். அப்பா சொந்தமாக ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்கால விமானங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் அவருக்கு நிலையாகக் கிடைத்த டிரிப் என்பதால், வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். நான் நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து வந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் வீட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். “பொம்பளப் புள்ள தனியா இருக்க. யார் கூப்பிட்டாலும் தெறக்காத. என் வண்டி சத்தம் கேட்டாத்தான் தெறக்கணும்” என்பது அப்பாவின் கட்டளை.

சொல்வதற்குச் சுலபமான கட்டளைதான். ஆனால் அந்த நாளில் அப்பாவின் வண்டி ஊரில் ஓடும் எல்லா வண்டிகளையும்போலத்தான் ஓடியது. தெருவில் எது வந்தாலும் நான் எழுந்து கதவருகே போவேன், அது தாண்டிப் போய்விடும், மறுபடியும் வந்து உட்காருவேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பெற்ற அம்மாவிடம் என்ன பயம். ஆனாலும் பயந்தேன், அதை அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

ஐப்பசி மழையில் சாலையெல்லாம் பள்ளமான சமயத்தில், முடிச்சூர் பக்கம் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியில் வண்டியின் அடிப்பாகம் இடித்துவிட்டது. அன்றிலிருந்துதான் அந்தச் செருமல். கேம்ப் ரோட்டில் புங்கமரத்தடியில் பட்டறை வைத்திருந்த காதர் பாய், சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டு வந்து, “முன்னால வர்ற பைப்பு ஒடஞ்சிகீது சார். பீப்பாயும் உள்ள துருவேறி பூடுச்சு. மொத்தமா மாத்திடலாம்” என்றார். ‘கம்பெனி பீஸ்’ இந்தப் பழைய மாடலுக்கு இப்போது வருவதில்லை, ‘லோக்கல் பீஸ்’தான் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலிருந்து வரவழைக்க வேண்டும், அதுவும் அளவு சரியாக இருக்காது, வெட்டி வளைத்து வெல்டிங் வைத்துக்கொள்ளலாம், வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று ஒரு தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். அந்தக் கட்டு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

எனக்கு அது அதிர்ஷ்டமாகப் போயிற்று. இனி எந்த வண்டிக்கும் எழுந்து ஓட வேண்டாம். தம்ளர் நடுங்கினால் அப்பா, நடுங்காவிட்டால் வேறு யாரோ. ஏழு மணிக்கு மேல் சமையலறையில் போய் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கிணுகிணுத்ததும் போய் அம்மாவின் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல வாசல் தாழ்ப்பாளைத் தூக்குவேன். சுமார் ஒரு மாதம், நான் வீட்டில் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. காதர் பாய்தான்.

“பாப்பா, அப்பா கீறாரா?”

“இல்லண்ணா, டிரிப் போயிருக்காரு.”

“வந்தாருன்னா சொல்லு, சைலன்சர் வந்துகீது. நாளைக்கி காலைல வண்டிய எடுத்தாரச் சொல்லு. இன்னா, சொல்லிடுவியா?”

“சொல்லிடறேண்ணா.”

சொல்லவில்லை. அப்பா வந்தார், சாப்பிட்டார், யாராவது போன் பண்ணினார்களா என்று வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பெரிய கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் பக்கத்தில் எஞ்சினில் தொடங்கி வண்டியின் பின்பக்கம் எட்டிப்பார்க்கும் வால்வரைக்கும், வளைந்த குழாய், நடுவிலுள்ள பீப்பாய், அதைத் தொங்கவிடும் ரப்பர், இறுக்கும் கிளாம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: சைலன்சர். ஐந்தாம் வகுப்பில் ‘சைலன்ஸ்’ என்று டீச்சர் மேசையைத் தட்டுவாளே, அதே சைலன்ஸ். அந்தச் சாமானுக்கு உலகத்தில் உள்ள ஒரே வேலை சத்தம் போடாமல் வைத்திருப்பது என்றுதான் நான் நம்பினேன். செலவுக் கணக்கென்று பாய் அப்பாவிடம் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டில் ‘மஃப்ளர்’ என்றும் ஒன்று இருந்தது. அது மார்கழிப் பனிக்குப் பெரியவர்கள் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வது, வண்டிக்கும் ஏதோ அப்படிக் கட்டுகிறார்கள்போல என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பெயருமே காதைப் பற்றியவை. மூக்கைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை அப்பா தலைவலி என்று வந்து படுத்தார். வியாழனும் அப்படியே. அந்த வாரம் முழுக்க விடாத மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. வண்டியின் தரைத் தகடு அவருடைய காலடியில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததும், அதற்கு நேர் கீழேதான் குழாய் உடைந்திருந்ததும் அவருக்குத் தோன்றவில்லை. “பித்தம் ஏறிடுச்சு, வேற ஒண்ணுமில்ல” என்றார். பெரியம்மாவைப் போனில் கேட்டதற்கு அவளும், “உடம்புச் சூடுதான், எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொல்லுடி” என்றாள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். இராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் காலையில் விழுங்கச் சொன்னேன். நெற்றியில் தைலம் தேய்த்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு “அப்பாடா” என்று சொல்லும்வரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திவிட்டேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனவர், வந்ததும் வராததுமாக வாசலிலேயே வாந்தியெடுத்தார். அதையும் நான்தான் கழுவிவிட்டேன். அம்மா இருந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வாளோ அப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு அவர் வரவில்லை. எட்டு மணிக்கும் தம்ளர்கள் அசையவில்லை. அப்புறம் ஒரு ஆட்டோ வந்து நின்று, “பாப்பா, கதவத் தொற, அப்பாதான் வந்துகீறாரு” என்று முன்பின் தெரியாத குரல் கேட்டது. வண்டிச் சத்தம் இல்லாமல் திறக்கக் கூடாது என்ற கட்டளைப்படி நான் திறக்கவில்லை. அந்த ஆள் தட்டத் தட்ட நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அப்பாவின் குரல், அதுவும் பாதிக் குரல், “நான்தான்மா” என்றது. குரோம்பேட்டையில் சிக்னலில் நிற்கும்போது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கில் தலை சாய்ந்துவிட்டதாம். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து கதவைத் திறந்து வெளியே இழுத்துப்போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அந்த ஆட்டோக்காரர் வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது நானும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவோடு போனேன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை, பாய் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. நடந்ததைக் கேட்டதும் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா சார் நீங்க, தெனம் வண்டி ஓட்ற ஆளு. சத்தம் வந்தா வந்துட்டுப் போவுது, அதனால யாருக்கும் ஒண்ணும் ஆவாது. எஞ்சின் புகைய பின்னால கொண்டும்போய் வுடறதுக்குத்தான் சார் இத்தினி நீட்டுக்கு பைப்பே கீது. அது நடுவுல ஒடஞ்சிதுன்னா புகை மொத்தமும் உள்ளாறதான் வரும். கண்ணாடிய வேற ஏத்திவுட்டுகினு ஒக்காந்தா, ஆளயே தூக்கிடும் சார்.”

எனக்கு எலுமிச்சம்பழமும் வெந்தயமும் தைலமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அப்பா, “பீஸ் எப்ப பாய் வந்தது?” என்று கேட்டார். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, “இப்பத்தான் சார், ரெண்டு நாள் ஆவுது” என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அந்த மனுஷனை நான் மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

புதுச் சைலன்சர் ஈயம் பூசிய டின்போலப் பளபளவென்று இருந்தது. பாய் சொன்னபடியே அது வேறொரு மாடலுக்குச் செய்தது; ஒரு சாண் வெட்டி, வளைவைச் சூடுபண்ணித் திருத்தி, இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து, தரை ஓட்டைக்கும் ஒரு தகடு அடித்துக் கொடுத்தார். லோக்கல் பீஸ்தான், ஆனால் நன்றாக உழைத்தது. வண்டி தெருவுக்குள் வருவதே தெரியாமல் போயிற்று. தலைவலி நின்றது, அப்பா பழையபடி சாயங்கால டிரிப்புக்குப் போக ஆரம்பித்தார், நானும் பழையபடி ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து கதவருகே போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு முடிக்கிறவரைக்கும் அப்படித்தான் போயிற்று. அந்த ஆறு வருடமும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாடு, படிப்பு, மழை, டிரிப் என்று என்னவெல்லாமோ பேசினோம். அந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

இப்போது நானும் அப்பாவும் முடிச்சூரில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறோம். அவர் ஓட்டுவதை விட்டு நாலு வருடம் ஆகிறது. நான் சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போய்வருவது பேட்டரி காரில்; அதற்கு எஞ்சினும் கிடையாது, புகையும் கிடையாது, இந்தக் குழாய் சமாசாரம் எதுவுமே கிடையாது. பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. பாய் எங்கே போனார் என்று தெரியவில்லை, புங்கமரத்தைச் சாலையை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். சென்ற மாதம் அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டுத் திரும்பும்போது, கேம்ப் ரோட்டு சிக்னலில் ஒரு பையன் பைக்கில் எங்கள் பக்கத்தில் வந்து நின்று காது கிழிய முறுக்கினான். சத்தம் வருவதற்கென்றே தனிச் சைலன்சர் வாங்கி மாட்டிக்கொள்கிறார்களாம், அதற்கென்று கடைகள் இருக்கின்றனவாம். அப்பா சிரித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இருபத்தைந்து வருடம் கழித்து அந்த சிக்னலில் வைத்துச் சொல்லிவிட்டேன்: பாய் போன் பண்ணினார், நான்தான் உங்களிடம் சொல்லவில்லை என்று.

“அது தெரியுமே” என்றார் அப்பா. “அன்னைக்கே பாய் சொல்லிட்டாரு. நீ தண்ணி குடிக்கப் போனப்ப.”

“எதுக்குச் சொல்லலன்னும் தெரியுமா?”

“தெரியாம என்ன. வண்டி ரெடியாகி சத்தமே இல்லாம கெளம்பினப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே.”

“அப்ப ஏம்பா ஒரு வார்த்தை கேக்கல?”

பச்சை விழுந்து, நான் வண்டியை எடுத்து, வளைவு தாண்டிய பிறகுதான் அவர் சொன்னார்.

“கேட்டா, தனியா இருக்க பயமா இருக்குதுன்னு சொல்லுவ. சொல்லிட்டேன்னா நான் வீட்ல இருக்கணும். எப்பிடிம்மா இருக்கிறது?”

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நான் வீடு திரும்ப இராத்திரி எட்டு ஆகிறது. நேற்று வந்து கதவைத் திறந்தபோது ஹாலில் விளக்கே போடாமல் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றதற்கு, சும்மாதான், கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றார். நான் விளக்கைப் போட்டேன், சாப்பாட்டைச் சூடுபண்ணினேன், டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டேன், நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.