மாதேசன் போனிலிருந்த யானைப் படங்கள்

மாதேசனின் போனில் இருந்த யானைப் படங்களை அழித்தது நான்தான். போனே உள்ளுக்குள் செத்துக் கிடந்தது என்று நான் சொன்னது பொய்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவனுடைய ராகிக் காட்டை யானைகள் மிதித்துப் போட்டதை அவன் போனில் எடுத்து வைத்திருந்தான். நஷ்டஈடு கேட்க அவனிடம் இருந்த சாட்சி அந்தப் படங்கள் மட்டும்தான். வனத்துறை அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் நிலத்தை உழுது கொள்ளு விதைத்துவிட்டான்.

ஓசூரில் என் மகள் சரளா போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் கைவிட்ட பழைய போன்களில் வேறு சிஸ்டம் ஏற்றித் தருவோம். புது சிஸ்டம் பெரியது. போனுக்குள் அதற்கு ஒதுக்கிய இடமோ சிறியது. படமும் பாட்டும் இருக்கும் இடத்தைக் குறுக்கி, சிஸ்டத்தின் இடத்தை அகலமாக்க வேண்டும். இரண்டு அறைக்கு நடுவே சுவரைத் தள்ளிக் கட்டுவது போல. தள்ளினால் அறையில் இருந்ததெல்லாம் போய்விடும். அதனால் முதலிலேயே படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

சுவர் தள்ளும் வேலை என்னுடையது. சிரிக்காதீர்கள்... நான் படித்தது மூன்றாவது வரைதான். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் பழகிய கை இது. இங்கிலீஷ் கட்டளையை எழுத்தின் வடிவம் பார்த்து அடிப்பேன். எண்கள் எனக்கு அத்துப்படி. ஓர் எண் பிசகினாலும் போன் எழுந்திருக்காது. என் கையில் ஒரு போனும் அப்படிப் போனதில்லை. இன்றைக்கும் இதைத் தலைநிமிர்ந்து சொல்வேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. படங்களை மாற்றி முடித்ததும் சரளா அந்தப் போனுக்கு ஒரு ரப்பர் பேண்டு போடுவாள். பேண்டு இருந்தால் நான் கை வைக்கலாம்.

அன்று மாதேசன் போனைச் சரளாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவளும் ஏதோ சாமான் வாங்கப் போனாள். மேசையில் இருந்த போனில் பேண்டு இருந்தது.

கறுத்துப்போய் வெடித்த பேண்டு. எங்கள் கடையில் போடுவது மஞ்சள். அது என் கண்ணில் படாமல் இல்லை... சரளா வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று ஏன் பேசாமல் இருக்கவில்லை? அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவள் நினைத்துவிட்டால்?

வேலையை முடித்தேன். புது சிஸ்டம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மாதேசன் வந்தான். “என்னாம்மா, என் ரப்பரக் கழட்டிட்டீங்க? அது இல்லன்னா போனோட பின்மூடி கழண்டுக்கினு பஸ்ல உருளும்” என்று சிரித்தான்.

கழற்றி வைத்த கறுப்புப் பேண்டை மேசையில் தேடினேன்.

பின்னாலேயே வந்த சரளா, “இருங்கண்ணா, படத்த இன்னும் காப்பியே எடுக்கல” என்றாள்.

“ஆனைப் படம் பத்திரம்மா. நாளைக்கு ஆபீசுல காட்டணும்” என்றான் அவன்.

நான் முந்திக்கொண்டேன். “படமெல்லாம் எங்கப்பா இருக்குது? உள்ள மெமரி செத்துக் கெடந்துச்சு. நான் கை வெச்சதால போனாவது பொழச்சுது.”

எவ்வளவு நிதானமாக வந்தது அந்தப் பொய்... சரளா என் முகத்தைப் பார்த்தாள். காப்பி எடுக்கும் வயரைச் சுருட்டி வைத்தாள்.

மாதேசன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போனாவது வந்துச்சே. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்றான்.

நஷ்டஈடு கிடைக்கவில்லை. கொள்ளும் சரியாக விளையவில்லை. இப்போது ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறான். காடு சும்மா கிடக்கிறது. அப்படியும் ஊர்க்காரர்களை எங்கள் கடைக்கு அனுப்புகிறான். “செத்த போன எழுப்பின அம்மா” என்று என்னைச் சொல்கிறானாம். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் தன் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவன் கோபப்பட மாட்டான். “வயசானவங்க, தெரியாமப் பண்ணிட்டீங்க, உடுங்கம்மா” என்பான். கோபத்தைத் தாங்குவேன். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “உக்காருங்கப்பா” என்றேன்.