சாணி லாரியும் நீல டிரம்மும்

சாணி லாரி ஓட்டுகிறவனுக்கு ஒரே ஒரு வசதி, சிக்னலில் யாரும் ஒட்டி நிற்க மாட்டார்கள்.

பக்கிங்காம் கால்வாய் ஓரத்து மாட்டுக் கொட்டகைகளில் கழுவிவிடும் சாணி அடையாற்றில் போய்ச் சேர்கிறது. அதைத் தடுக்க அரசு ஒரு திட்டம் போட்டது. கொட்டகைக்கு ஒரு நீல டிரம். சாணியை அதில் போட்டு வைக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் நான் அள்ளிக்கொண்டு போய் எருக்கிடங்கில் கொட்ட வேண்டும். மீறிச் சாணி கால்வாயில் இறங்கினால் கொட்டகையைக் காலி செய்துவிடுவார்கள். ஊர் தூங்கும்போது வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும், பகலிலும் நமக்குத் தூக்கம் கிடையாது. மனசு எதையாவது அசை போட்டுக்கொண்டே இருக்கும்.

டிரம்முக்குள்ளே

மயிலாப்பூர்ப் பக்கம் மல்லிகாக்கா தனி ஆள். மூன்று மாடுகள்தான் அவருக்குச் சோறு. முதல் நாள் டிரம்மைத் திறந்தால் தளும்பத் தளும்பத் தண்ணீர். சாணி வழக்கம்போலக் கால்வாயில். "இன்னாக்கா, சாணிக்குக் குடுத்த டிரம்மாச்சே?" என்றேன்.

"சாணி டெய்லி வரும் நைனா, தண்ணி லாரி வருமா?"

மாடித் தோட்டம்

அக்கா அப்புறம் பழைய தகர டின்களில் சாணியைச் சேர்த்து வைத்தார். கால்வாயில் ஒரு பொட்டு விழவில்லை. ஒருநாள் விடிந்து, சாணியோடு கிடங்குக்குப் போகும்போது அபிராமபுரத்தில் ஒரு மாமி வண்டியை நிறுத்தினார். ஆற்றுக்காகத்தான் இந்த வேலை என்றதும் உருகிப்போனார். மாடித் தோட்டத்துக்கு ஒரு கூடை கேட்டார். இறக்கி வைத்தேன். முந்தானை மூக்குக்குப் போனது.

"நன்னாத்தான் இருக்கு. நாத்தம் இல்லாத சாணி இருந்தா நாளைக்குக் கொண்டு வரேளா?"

கியர் பாக்ஸ்

ஐப்பசி மழையில் கியர் பாக்ஸ் போயிற்று. மெக்கானிக் வேலை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கழற்றிக் கழற்றிக் கற்றதுதான். பிரித்துப் பார்த்து, என்ன பாகம் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"லாரி திட்டத்துல கீது மச்சி. ரிப்பேரு திட்டத்துல இல்லியே."

மழை

லாரி நின்றது, மாடு நிற்குமா? அக்காவின் டின்கள் நிரம்பின. நீல டிரம்மிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதையும் சாணியால் நிரப்பினார். மிச்சத்தைக் கோணியில் கட்டினார். விடாமல் பெய்த மழையில் கோணிச் சாணி கரைந்து கால்வாயில் இறங்கியது. மழை விட்டதும் அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்தார்கள். நான் லாரிக் கதையைச் சொன்னேன். அது அவர்கள் டிபார்ட்மென்ட் இல்லையாம். அக்காவுடையது உட்படக் கரையோரக் கொட்டகைகளை எல்லாம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மாடுகளை வியாபாரி வண்டியில் ஏற்றிய அன்று போய் நின்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. வண்டி திரும்பி மறைந்ததும் உட்கார்ந்து அந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவினார். என் பக்கம் உருட்டிவிட்டார்.

"எடுத்துனு போய் கவர்மென்ட்டாண்ட குடுத்துடு நைனா. இனிமே எனக்கு ஒரு கொடம் தண்ணியே போதும்."

பாகம் வந்து லாரி இப்போது நன்றாக ஓடுகிறது, கால்வாய்க் கரையில் அள்ளுவதற்குத்தான் சாணி இல்லை, அதனால் திட்டம் வெற்றி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.